சகலையை ஜெயித்த பிராசசர்

தான் ஒரு பந்தயத்தில் ஓடிக்கொண்டிருப்பதே என் அத்தானுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் பாதியிலேயே ஒதுங்கி வழிவிட்டிருப்பார், அவ்வளவு நல்ல மனிதர். ஓடியது முழுக்க என் வீட்டுக்காரர்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பெண்கள், அதனால் இரண்டே மாப்பிள்ளைகள். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது ஒப்பிடாமல் இருப்பது அப்பாவால் ஆகாத காரியம். மூத்த மாப்பிள்ளை எது வாங்கினாலும் முதல் தரமாக வாங்குவார் என்பார். சின்ன மாப்பிள்ளை சிக்கனமானவர் என்பார். அந்தச் சிக்கனம் என்ற சொல்லை அவர் ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்காது.

இவருக்கு ஒரு துணி ஆலையில் கொள்முதல் பிரிவில் வேலை. விலை குறைந்த சரக்கை வாங்கி, உயர்ந்த சரக்குக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததில்லை என்று மேலிடத்துக்கு நிரூபிப்பதுதான் தொழில். அதை ஆலையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் மிக்சியிலிருந்து மெத்தை வரைக்கும் அதே வாதம்தான் நடக்கும். பெண்டாட்டி விஷயத்திலும் இப்படி ஏதாவது கணக்கு மனதில் வைத்திருக்கிறாரோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். கேட்டு வைப்பானேன் என்று விட்டுவிடுவேன்.

அத்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கடைக்காரர் எதைக் காட்டினாரோ அதை வாங்கினார். அந்த வருடத்திலேயே உசத்தியான பிராசசர் அதில் இருந்தது என்பது அவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். சொன்னது அப்பா. கடைக்காரர் அப்பாவிடம் சொல்ல, அப்பா எங்களுக்கு போன் போட்டுச் சொன்னார். அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பேருக்கு அது எனக்காக வாங்கியது.

எனக்குத் தேவையும் இருந்தது, பொய் சொல்லவில்லை. மகள் பிறப்பதற்கு முன்பு நான் நிலப்படம் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். விமானத்திலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டுப்போட்டு, சாலையும் வாய்க்காலும் விலகாமல் ஒரே பெரிய தாளாக்குகிற வேலை. எனக்கு அது கைவந்த வேலை. பிரசவத்துக்கு விடுப்பில் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பகல் முழுக்க வீட்டில் குக்கர் சத்தத்தையும் குழாய்ச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு இருந்ததில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அந்த நேரத்தில்தான் பழைய நிறுவனத்தின் மேடம் கூப்பிட்டார். வீட்டிலிருந்தே செய்யலாம், முதலில் ஒரு தொகுதியைச் செய்து அனுப்பு, சரியாக வந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். இத்தனை வருடம் என்னை யாரும் எதற்காகவும் தேடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆக, மிஷின் எனக்கும் வேண்டியிருந்தது, இவருக்கும் வேண்டியிருந்தது. பகலில் நான் படங்களை ஒட்டினேன். சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை மின்விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பிவைத்தார். குழந்தைக்குக்கூட அப்படி வீசியதில்லை.

பிராசசரை அதற்கென்று சொன்ன வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அதை எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். பெட்டிக்குள் இருக்கும் போர்டு ஒரே சீராக ஒரு தாளம் தட்டிக்கொண்டிருக்கும், மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அது இருநூறு. அதை மல்டிபிளையர் என்கிற எண்ணால் பெருக்கினால் பிராசசரின் வேகம் வரும். எங்களுடையதற்கு மல்டிபிளையர் பன்னிரண்டு, ஆக இரண்டாயிரத்து நானூறு. அத்தானுடையதற்குப் பதின்மூன்று, இரண்டாயிரத்து அறுநூறு. உசத்தியானதில் மல்டிபிளையரை நாமே ஏற்றிக்கொள்ளலாம். மலிவானதில் அதற்குப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பூட்டு என்று சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தன்னையே யாரோ பூட்டிவைத்த மாதிரி இருக்கும்.

"கியர் மாத்த முடியாத சைக்கிள்னு வெச்சுக்கோ. வேகமாப் போகணும்னா வேகமா மிதிக்கணும், அவ்வளவுதான்" என்றார். "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அதே பெடல்லதான் ரேமும் மாட்டியிருக்கு, அதான், வேலை நடக்கிறப்ப எல்லாத்தையும் தாங்கி வெச்சிருக்கிற மெமரி. நாம வேகமா மிதிச்சா அதுவும் சேர்ந்து ஓடியாகணும். இருநூறுக்குன்னு செஞ்ச ரேமுக்கு இருநூத்தம்பதுல மூச்சு வாங்கும். அதுக்குத்தான் டிவைடர். அஞ்சுக்கு நாலுன்னு வெச்சா, பிராசசர் அஞ்சு மிதி மிதிக்கிறப்ப ரேமுக்கு நாலுதான் போகும். ரேம் பழையபடி இருநூறுலயே நிம்மதியா ஓடும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் பிறகு பரிதாபப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாளத்தை இருநூற்றைம்பதுக்கு ஏற்றினார். பெருக்கிப் பார்த்தால் மூவாயிரம். டிவைடரை ஐந்துக்கு நாலில் வைத்து, நீளமான எண் ஒன்றைக் கணக்கிடும் சோதனையை ஓட்டினார். முப்பத்தாறு நொடி வந்தது. உடனே அத்தானுக்கு போன் போட்டார். பாவம், அத்தான் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் பேத்தி மாதிரி வளர்க்கும் பூனையின் படங்களைப் பார்ப்பதற்கும் அதை வாங்கியவர். அவரை உட்காரவைத்து, இந்தச் சாவியை அழுத்துங்கள், அந்த வரிக்குப் போங்கள் என்று சொல்லி மல்டிபிளையரைப் பதினைந்துக்கு ஏற்றவைத்தார். அதுவும் மூவாயிரம். ரெண்டும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் நியாயமான ஒப்பீடு என்றார். நியாயத்தில் இவரை மிஞ்ச முடியாது. அத்தானுடையது முப்பத்தைந்து நொடியில் முடித்தது.

ஒரே ஒரு நொடி. உசத்தியான பிராசசருக்குள்ளேயே கேஷ் என்று சொந்தமாகக் கொஞ்சம் இடம் கூடுதல், அதனால் வந்த வித்தியாசம். மனிதர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் டிவைடரை எடுத்துவிட்டார். ரேமும் இருநூற்றைம்பதில் ஓட ஆரம்பித்தது. சோதனை முப்பத்துநாலு நொடியில் முடிந்தது. மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

ரேம் தாங்குமா என்று நான் கேட்டேன். நல்ல ரேம், தாங்கும் என்றார். என் திருப்திக்காக ஒரு நாள் முழுக்க மிஷினை வாட்டியெடுக்கும் ஒரு சோதனையையும் ஓட்டினார். அந்த அறையில் இஸ்திரி போட்டது போல் சூடு. ஒரு பிழைகூட வரவில்லை. இணையத்தில் இவரைப் போன்றவர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்று உண்டு. பூட்டுப் போட்ட பிராசசர் பூட்டில்லாததை ஜெயித்த கதையை அங்கே எழுதிப்போட்டார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாராட்டினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டில் முகம் மலர்ந்திருந்தால் போதும் என்றிருந்தது.

நான் முதல் தொகுதியை முடித்து, சுருக்கி ஒரே கோப்பாக்கி அனுப்பினேன். மறுநாள் மேடம் கூப்பிட்டார். கோப்பு திறக்கவில்லை, பாதியில் கெட்டுப்போயிருக்கிறது என்றார். மன்னிப்புக் கேட்டு மறுபடி சுருக்கி அனுப்பினேன். இந்த முறை திறந்தது. ஆனால் உள்ளே இருந்த தாள்களில் ஒன்று திறக்கவில்லை. இன்னொன்றில் ஒரு வயலுக்கு நடுவே கோலப்பொடி சிந்தினாற்போல் வண்ணப் புள்ளிகள்.

மேடத்தின் குரல் மாறிவிட்டது. அது ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொழிலில் அது பழைய தந்திரம். வேலை முடியாதவர்கள் வேண்டுமென்றே கெட்டுப்போன ஒரு கோப்பை அனுப்பிவைப்பார்கள். அங்கே திறந்து பார்த்து, திறக்கவில்லை என்று சொல்வதற்குள் ஓரிரு நாள் கிடைத்துவிடும். அதற்குள் மிச்ச வேலையை முடித்து, ஐயோ அப்படியா என்று நல்ல கோப்பை அனுப்பிவிடலாம். அலுவலகத்தில் இருந்தபோது அப்படிச் செய்தவர்களை மேடமும் நானும் சேர்ந்துதான் கேலி செய்வோம். இப்போது என்னையே அவர் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை, வேலை முடிந்ததா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

இவரிடம் கேட்டேன். மிஷினில் ஒரு குறையும் இல்லை, ஒரு நாள் முழுக்க வாட்டியும் பிழை வரவில்லையே என்றார். என் அவசரம் என்றார், கவனக்குறைவு என்றார். அடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வேலை செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார். கெட்டது என்னவென்றால், நான் அதை நம்பினேன். வருடக்கணக்கில் வீட்டில் இருந்ததில் கை மழுங்கிப்போயிருக்கும் என்று எனக்கே தோன்றியது. செய்ததையெல்லாம் இரண்டு தடவை, மூன்று தடவை சரிபார்த்தேன். மகள் வந்து ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம், அனுப்ப வைத்திருந்த கோப்பை என் மிஷினிலேயே திறந்து பார்த்தேன். திறந்தது. ஏதோ நினைப்பில் அதையே மறுபடி திறந்தேன். கெட்டுப்போனது என்றது. மூன்றாம் தடவை திறந்தது. அதே கோப்பு, நான் தொடவே இல்லை. நிலப்படக்காரிக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அசையாத ஒரு கல் ஒரு தடவை இங்கேயும் ஒரு தடவை அங்கேயும் இருப்பதாகக் கருவி காட்டினால், கோளாறு கல்லில் இல்லை, கருவியில்.

இவருடைய மன்றத்துக்கே போய்ப் படித்தேன். ஒரு நாள் முழுக்க ஓட்டினாரே, அந்தச் சோதனை மிகச் சின்னது, முழுக்க முழுக்கப் பிராசசரின் கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது ரேம் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிராசசர் தன்னைத்தானே சோதித்து, தனக்குத்தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருக்கிறது. ரேமை மட்டும் சோதிக்கும் புரோகிராமை இறக்கி ஓட்டினேன். பாத்திரம் கழுவி வருவதற்குள் திரையில் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள் வரிசைகட்டி நின்றன. எனக்குக் கோபம் வரவில்லை. தப்பு என்னுடையதில்லை என்ற நிம்மதியில் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து கிடந்தேன்.

மிஷினை அணைத்து மறுபடி போட்டு, அது விழிக்கும்போது வரும் அமைப்புத் திரைக்குப் போய், டிவைடரை ஐந்துக்கு நாலில் வைத்தேன். ரேம் சோதனையில் ஒரு பிழை இல்லை. அதே கோப்பைப் பத்துத் தடவை திறந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

சாயங்காலம் இவர் வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன். சிவப்பு வரிகளைக் காட்டினேன். சத்தம் போடவில்லை, குத்திக்காட்டவில்லை. இவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு அந்த நொடிக் கணக்குச் சோதனையை ஓட்டிப் பார்த்தார். முப்பத்தாறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, உன் வேலைதான் முக்கியம். அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் உருகிப்போனேன். மறுநாள் இவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தேன்.

மேடத்திடம் கெஞ்சிக் கடைசியாக ஒரு தவணை வாங்கினேன். கருவியில் கோளாறு இருந்தது, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நானே அலுவலகத்தில் உட்கார்ந்து திறந்து பார்ப்பேன், இதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ரேம் தப்பாக ஓடியபோது செய்த எதையும் நம்புவதற்கில்லை, அதனால் முதல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். வீடு போட்டது போட்டபடி கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தாள் ஒன்று மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் மகளுக்குச் செருப்பு வாங்க அவளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். ஞாயிறு காலையில் எழுந்ததும் கடைசித் தாளை ஒட்டி, எல்லாவற்றையும் சுருக்கி, ஒரு தடவை திறந்து பார்த்து, திறந்ததும் அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அன்றைக்கு மத்தியானம் அக்காவும் அத்தானும் அப்பாவும் சாப்பிட வருவதாக இருந்தது.

அத்தான் கையில் பழத்தோடு வருவார் என்று பார்த்தால் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். "எதுக்குன்னே தெரியலம்மா, தூக்கிட்டு வாங்கன்னார், வந்துட்டேன்" என்று மூச்சு வாங்கியபடி என்னிடம் சொன்னார். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கிற இடத்தில் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அப்பாவுக்கு நடுவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார் இவர். பெண் பார்க்க வந்தவர்களை உபசரிக்கிற மாதிரி அவ்வளவு பணிவு. இது விலை உயர்ந்தது, இது மலிவானது, இரண்டும் இப்போது மூவாயிரத்தில் ஓடுகின்றன என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பாவுக்குப் புரிந்தது மலிவு என்ற சொல் மட்டும்தான். அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

நான் அடுப்படியில் இருந்தேன். அத்தானுடையதை முதலில் ஓட்டினார்கள். முப்பத்தைந்து என்று இவர் உரக்கச் சொன்னது கேட்டது. தோற்கப்போகிறாரே, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் நிற்கலாம் என்று கையில் கரண்டியோடு வெளியே வந்தேன். எங்களுடையது ஓடி முடிந்தது. திரையில் முப்பத்துநாலு.

அப்பா கை தட்டினார். "அட, சின்ன மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாரே" என்றார். அத்தான் மனப்பூர்வமாகச் சிரித்து இவர் தோளில் தட்டினார். பத்து வருடத்தில் அப்பா இவரைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இவர் கண் கலங்கியே விட்டது. டிவைடர் ஐந்துக்கு நாலில் இருந்தால் அந்த எண் முப்பத்தாறு. முப்பத்துநாலு வர ஒரே ஒரு வழிதான் உண்டு. நேற்றுச் சாயங்காலம் நான் செருப்புக் கடையில் இருந்திருக்கிறேன். காலையில் நான் ஒட்டியதும் சுருக்கியதும் அனுப்பியதும் அந்தச் சிவப்பு வரிகளுக்குள்ளேதான்.

போன் அடித்தது. அது இவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டெட்டு வைப்பதற்குள் எடுத்துவிட்டார்.

மேடம்தான். அந்தப் பக்கம் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு இவர் முகத்தில் சிரிப்பு இறங்கியது. ஒரு கணம் என்னைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துதான் பார்த்தார். பிறகு திரும்பி மேசையைப் பார்த்தார். அப்பா இன்னும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தான் பெட்டிக்குள் குனிந்து ஏதோ ரசித்துக்கொண்டிருந்தார்.

"மிஷின்லயா? சேச்சே, மிஷின் பிரமாதமா இருக்கு மேடம்" என்றார். "இப்பதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம். அவளுக்குத்தான் வீட்டு வேலையும் சேர்ந்துபோச்சு. ரொம்ப நாளாச்சுங்களா, பழக்கம் விட்டுப்போச்சு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

நான் கையை நீட்டினேன். அதற்குள் வைத்துவிட்டார். ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம், அப்புறம் பேசிக்கலாம், சாப்பாடு ஆறுது என்றார்.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து, அங்கிருந்த இன்னொரு போனில் மேடத்தைக் கூப்பிட்டேன். தாளம், மல்டிபிளையர், டிவைடர் என்று என்னவெல்லாமோ சொன்னேன். நேற்று மாலை வீட்டுக்காரர் மாற்றிவிட்டார், எனக்குத் தெரியாது, ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது கடைசித் தாளை மறுபடி செய்து காலையில் தருகிறேன் என்றேன். எனக்கே அது சாக்குப்போக்காகத்தான் கேட்டது.

மேடம் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். "மத்தவங்க கரண்ட் போச்சும்பாங்க, நெட் போச்சும்பாங்க. நீ டிவைடர்ங்கற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் உன் வீட்டுக்காரர்கிட்ட அதைத்தானே முதல்ல கேட்டேன். மிஷின்ல கோளாறான்னு. அவர் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாளைக்குக் காலைவரைக்கும் காத்திருந்திருப்பேன். மனுஷர் உனக்காக அவ்வளவு தன்மையாப் பேசறார், நீ அவர் தலையிலயே போடறியே." தொகுதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னார்.

வெளியே வந்து பரிமாறினேன். வேறென்ன செய்ய? அக்கா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். வேலை இல்லையாம் என்றேன். போனால் போகிறது, உனக்கென்ன குறை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று அப்பா சொன்னார். அத்தான் ஒருவர்தான் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமேம்மா என்றார். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லை. இவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். அப்பா மறுபடி அந்தப் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டதும் நிமிர்ந்து, உற்சாகமாக விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் கிளம்பிப் போனபிறகு, எச்சில் தட்டுகள் கிடந்த மேசைக்கு எதிரெதிரே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சாயங்கால வெயில் திரையில் விழுந்து எண் தெரியவில்லை. இவரே பேச்சை ஆரம்பித்தார். இந்த மேடம் இல்லாவிட்டால் வேறு மேடம், உன் திறமைக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்றார். இன்று ஒரு நாள் மட்டும், அவர்கள் போனதும் டிவைடரைப் போட்டுவிடத்தான் இருந்தேன், காலையிலேயே அனுப்பிவிடுவாய் என்று நினைக்கவில்லை என்றார். நிஜமாக வருத்தப்பட்டுத்தான் பேசினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "மாத்தினது போகட்டும். போன்ல மேடம் கேட்டாங்களே, மிஷின்ல கோளாறான்னு. ஆமான்னு சொல்ல என்ன வந்துச்சு உங்களுக்கு?"

இவர் என்னை வினோதமாகப் பார்த்தார். இதைக்கூடவா விளக்க வேண்டும் என்கிற பார்வை.

"சகலை உட்கார்ந்திருந்தாரே" என்றார்.

கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்லிவிட்டாரே. தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் ஆலைக்குக் கிளம்பும் முன்னால் இவரே உட்கார்ந்து டிவைடரை ஐந்துக்கு நாலில் வைத்தார். ரேம் சோதனையையும் ஓட்டி, ஒரு பிழைகூட இல்லை பார் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மிஷின் ஒரு தப்பும் செய்ததில்லை. மகள் அதில் படம் வரைகிறாள். இவர் மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறார். அப்பா யார் வந்தாலும் சின்ன மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்கிறார். அதில் உட்கார்ந்து செய்ய எனக்குத்தான் வேலை எதுவும் இல்லை.